ஒன்பது நாட்கள்

(மருத்துவமனையைத் தாங்குவோர் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



புதிய கட்டடத்தைப் பற்றியும் எக்ஸ்ரே இயந்திரத்தைப் பற்றியும் நமது செயலாளர் விரிவாகச் சொல்லிவிட்டார். எங்களுக்குக் கொடுத்திருக்கிற இருபது நிமிடத்தில் ஒன்பது நாட்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். மார்பில் கட்டி என்று வந்த ஒரு பெண்ணிடமிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியபின், முடிவு வந்து சேருகிற வரைக்கும் உள்ள நாட்கள் அவை. சில சமயம் ஏழு நாளில் முடியும், சில சமயம் பன்னிரண்டும் ஆகும். பெரும்பாலும் ஒன்பது. நம் மருத்துவமனையில் அந்தச் சதையைப் பார்த்துச் சொல்லும் நிபுணர் இல்லை. அது மதுரைக்குப் போய்வர வேண்டும். இந்த நாட்களில் டாக்டருக்குச் செய்ய ஒன்றுமில்லை. மருந்து இல்லை, கட்டு இல்லை, படுக்கை இல்லை. அந்த அம்மாள் வீட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் சிகிச்சை முழுவதிலும் மிகவும் கடினமானது எது என்று பிற்பாடு கேட்டால், "அந்த ஒம்பது நாளு ஐயா" என்றுதான் பலரும் சொல்லுகிறார்கள்.

பயாப்ஸி என்ற வார்த்தை அருப்புக்கோட்டை டவுனில் ஓரளவு பழக்கமாகிவிட்டது. திருச்சுழிக்குக் கிழக்கே போனால் "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு" என்பார்கள். சதை எடுத்தார்கள் என்றாலே பாதி உயிர் போய்விடுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, பருமனான ஊசியால் நெல்லுக்குச்சி கனத்தில் சில துணுக்குகளை எடுப்பார்கள், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் "ஊசி பட்டா அது உடம்பெல்லாம் பரவிரும்" என்று யாராவது ஒரு மதினி சொல்லியனுப்பியிருப்பார். இந்தப் பயத்தை லேசாக எண்ணிவிடக் கூடாது. திருச்சுழிக்காரர்களுக்கு ஒரு நினைவு உண்டு. அவ்வூரில் 1879இல் பிறந்த ரமண மகரிஷிக்கு 1948 இறுதியில் இடது கையில் கட்டி வந்தது. அதை எடுத்தார்கள், திரும்ப வந்தது, திரும்ப எடுத்தார்கள். 1950 ஏப்ரலில் அவர் மறைந்தார். "அவுகளுக்கே கத்தி வச்சுத்தானே இப்படியாச்சு" என்று ஒரு முதியவர் எங்களிடம் வாதம் செய்திருக்கிறார். அது சார்கோமா என்ற வேறு வகைப் புற்று, திரும்பத் திரும்ப வளருவது அதன் குணம், கத்தி அதை உண்டாக்கவில்லை என்று டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார்கள். மார்பகக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுப்பதால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை என்பது மருத்துவர்கள் நெடுநாள் கவனித்து ஒப்புக்கொண்ட விஷயம். எந்த வகை என்று தெரியாமல் அறுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஏன் ஒன்பது நாள்? இதை நாங்களும் நெடுங்காலம் தெரிந்துகொள்ளாமல், "ரிப்போர்ட் வரவேண்டும், பொறுங்கள் அம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருமுறை ஒரு நெசவாளர் வீட்டு அம்மாள், "என் சதை இப்ப எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி என்று நினைத்து டாக்டர் அம்மாவிடம் பாடம் கேட்டோம். அன்று முதல் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லுகிறோம்.

முதலில் சதைத் துணுக்கு ஃபார்மலின் திரவத்தில் ஊறும். ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, மூன்று நாளுக்கு மிஞ்சவும் கூடாது. குறைந்தாலும் மிஞ்சினாலும் பின்னால் செய்யும் சோதனை கெடும். பிறகு ஆல்கஹாலில் படிப்படியாக அதன் ஈரத்தை எடுத்து, சைலீனில் கழுவி, உருக்கிய மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். அந்த மெழுகுக் கட்டியை ஒரு இயந்திரக் கத்தியால் மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவுவார்கள். தலைமுடியின் கனத்தைப் பதினைந்து இருபதாகப் பிளந்தால் எவ்வளவோ அவ்வளவு. அதைக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். ஹெமடாக்ஸிலின் என்று ஒன்று, மத்திய அமெரிக்கக் காட்டு மரம் ஒன்றின் கட்டையிலிருந்து எடுக்கிற சாயம்; அது செல்லின் கருவை ஊதாவாக்கும். இயோசின் என்று இன்னொன்று, மற்றதை ரோஸ் நிறமாக்கும். அதற்குப் பிறகுதான் நிபுணர் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கிறார். புற்று என்று கண்டால் அதோடு விடமாட்டார்கள். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய ஹார்மோன் ஏற்பிகளுக்கும் ஹெர்-2 என்ற புரதத்துக்கும் வேறு சோதனைகள் உண்டு, அதற்கு மேலும் சில நாள்.

அந்த நெசவாளர் வீட்டு அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "சாயம் பிடிக்கிறதுக்கு நேரம் குடுக்கணும்ல" என்றார்கள். அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கவைக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அதற்குப் பின் அவர்கள் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு மெழுகுல இருக்குமா ஐயா?" என்று கேட்பார்கள். பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குக் கால் ஊன்ற ஒரு இடம் கிடைத்தது. தாமதம் என்றால் கெட்ட செய்தியை ஒளிக்கிறார்கள் என்று நினைப்பது மனித சுபாவம். என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்தால் அந்த நினைப்பு கொஞ்சம் அடங்குகிறது.

இன்னொன்றும் சொல்லுகிறோம். கையில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு புற்றுக்கட்டி வளர்வதற்கு அநேகமாக வருஷங்கள் ஆகியிருக்கும். ஒன்பது நாளில் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. ஒன்பது மாதத்தில் கெடும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் சிலர் அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இருந்துவிடுகிறார்கள்.

மார்புக் கட்டியெல்லாம் புற்று அல்ல. வாலிபப் பெண்களுக்கு வழுக்கி ஓடுகிற கட்டி ஒன்று வரும், ஃபைப்ரோஅடினோமா என்பார்கள், அது தீங்கற்றது. நீர்க்கட்டி உண்டு, பால்கட்டு உண்டு, சீழ்கட்டு உண்டு. அமெரிக்காவில் மார்பகத்தில் சதை எடுத்துப் பார்க்கப்படும் ஐந்து பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்குப் புற்று இல்லை என்றே வருகிறது. அந்தக் கணக்கை அப்படியே நம் பெண்களிடம் சொல்லுவதற்கு எங்களுக்கு நாக்கு எழுவதில்லை. அங்கே கருவியில் தெரிந்த சிறு புள்ளிக்கே சதை எடுக்கிறார்கள். இங்கே எலுமிச்சம்பழ அளவில் கட்டி இருந்தும், "வலிக்கல, அதான் விட்டுட்டேன்" என்று வருகிறவர்கள் அதிகம். வலியில்லாத கட்டியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பதை நீங்கள் உங்கள் சபைகளில், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் தயவுசெய்து சொல்லுங்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுகளில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்தார்கள் என்று உலகக் கணக்கு சொல்லுகிறது.

இப்போது கவலை என்பதற்கு வருவோம். அமெரிக்காவில் பாஸ்டனில் ஒரு ஆய்வு நடந்து 2009இல் வெளிவந்தது. சதை எடுக்கப்பட்ட 126 பெண்களின் உமிழ்நீரைச் சில நாட்கள் தொடர்ந்து எடுத்து, மன அழுத்தத்தில் ஏறி இறங்கும் கார்ட்டிசால் என்ற சுரப்பை அளந்தார்கள். ஐந்தாம் நாளில் சிலருக்குப் புற்று என்று தெரிந்துவிட்டது, சிலருக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது, பலருக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமல் காத்திருந்தவர்களின் உடம்பில் அந்தச் சுரப்பு இருந்த விதம், புற்று என்று அறிந்தவர்களின் விதத்தைப்போலவே இருந்தது. இல்லை என்று அறிந்தவர்களிடமிருந்து விலகியிருந்தது. அதாவது, முடிவு தெரியாத பெண்ணின் உடம்பு, கெட்ட முடிவைக் கேட்டுவிட்ட உடம்பாகவே நடந்துகொள்ளுகிறது. நம் பெண்கள் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும்போது, "விசுவாசம் போதாது" என்று சொல்லுகிற சகோதரர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்.

விசுவாசம் என்றதும் ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். பிலிப்பியர் நான்காம் அதிகாரம், ஒன்றுக்கும் கவலை வேண்டாம் என்று பவுல் எழுதியது. இதைக் காலண்டரில் அச்சடித்துக் கட்டிலருகே மாட்டிவிட்டுப் போகிற நல்ல ஜனங்கள் உண்டு. நாங்கள் அந்த நிருபத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லுகிறோம். அது சிறையிலிருந்து எழுதிய நிருபம். தன் வழக்கு எப்படி முடியும், உயிர் இருக்குமா போகுமா என்று தெரியாத மனிதன் எழுதியது. அவரும் ஒரு முடிவுக்குக் காத்திருக்கிறார். நான்காம் அதிகாரத்தில் அவர் விலக்குகிற கிரேக்கச் சொல்லும், இரண்டாம் அதிகாரத்தில் தீமோத்தேயுவைப் புகழ்ந்து, உங்கள் காரியத்தை இவனைப்போல் உண்மையாய் விசாரிக்க வேறு ஆளில்லை என்கிற இடத்தில் உள்ள சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை: மெரிம்னா. கொரிந்தியருக்கு எழுதும்போது, எல்லாச் சபைகளையும் பற்றி அன்றாடம் தனக்குள்ள பாரத்துக்கும் அதே சொல்லைத்தான் பவுல் வைக்கிறார். ஒருவன் தனியாக உட்கார்ந்து தன்னையே தின்றுகொண்டிருந்தால் அது கவலை. இன்னொருவர் வந்து அதைப் பங்குபோட்டுச் சுமந்தால் அதற்கு விசாரிப்பு என்று பெயர். சொல் ஒன்றுதான். நம் தமிழிலும், "விசாரம்" என்றால் கவலை, "விசாரிக்கிறது" என்றால் போய்ப் பார்த்து நலம் கேட்பது. இதை எங்களுக்கு வேதசாஸ்திரக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. புறநோயாளிகள் வராந்தாவில் தெரிந்துகொண்டோம்.

ஆகையால் "ஒண்ணும் இருக்காதும்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நாங்கள் சொல்லுவதில்லை. எங்களுக்குத் தெரியாததைக் கர்த்தர் பேரால் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது உண்மை. ஒன்றும் இருக்காது என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், பிறகு ஏதாவது இருந்துவிட்டால், அந்த அம்மாள் எங்களை மட்டுமல்ல, அவரையும் நம்பமாட்டார்கள்.

வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நம் சபையாரல்ல. அங்காளபரமேசுவரிக்கு முடிந்துவைத்த காசு முந்தானையில் இருக்கும், அல்லது தாயத்து கழுத்தில் இருக்கும். ஜெபிக்கலாமா என்று கேட்டுத்தான் ஜெபிக்கிறோம். வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எத்தனை பேர் இரட்சிப்புக்குள் வந்தார்கள் என்று எழுதச்சொல்லித் தாங்குவோர் சிலர் கடிதம் எழுதுகிறீர்கள். அன்புடன் சொல்லுகிறோம், அந்தக் கணக்கு எங்கள் நோட்டில் இல்லை. பயத்தில் நடுங்குகிறவர்களிடம் அதைக் கேட்பது எங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வவில்லை. எங்கள் நோட்டில் இருப்பது வேறு கணக்கு. சதை எடுத்த தேதி, முடிவு வரவேண்டிய தேதி, வந்த தேதி, வாங்கிப்போன தேதி.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஊழியம் இருக்கிறது. சில கவர்கள் வாங்கப்படாமல் கிடக்கும். கல்குறிச்சிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்டருகில் நின்றுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப்போனவர்கள் உண்டு. கேட்காவிட்டால் இல்லை என்று ஒரு எண்ணம். ஒரு அம்மாளுடைய முடிவு புற்று என்று வந்தது. அவர்கள் வரவில்லை. ஊருக்குப் போய் விசாரித்தபோது, சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வெளி மாவட்டத்துக்குச் செங்கல் அறுக்கப் போய்விட்டார்கள் என்றார்கள். போன் எண் இல்லை. எட்டு மாதம் கழித்து மாசியில் திரும்பி வந்தார்கள். அதற்குள் கட்டி வெடித்துப் புண்ணாகியிருந்தது. சித்திரை பார்க்கவில்லை. அந்தக் கவர் எட்டு மாதமும் எங்கள் அலமாரியில் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு சிஸ்டரை இதற்கென்று வைத்தோம், உங்கள் காணிக்கையில்.

சிஸ்டர் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்குப் போவார். மருந்துப் பை கிடையாது. சும்மா போய், திண்ணையில் உட்கார்ந்து, மிளகாய்க் காம்பு கிள்ளுகிறார்கள் என்றால் தானும் நாலு கிள்ளிக்கொண்டு, ராத்திரி தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்பார். எந்நேரமும் அதே நினைப்பு ஓடுகிறவர்களுக்கு, "விளக்கு வச்சதும் அரை மணி நேரம் உட்காந்து நல்லா பயப்படுங்க, அழுகணுமா அழுங்க, மத்த நேரம் அது வந்தா சாயங்காலம் வான்னு சொல்லுங்க" என்பார். கேட்க வேடிக்கையாக இருக்கும். மனநல மருத்துவர்களும் இந்த முறையைச் சொல்லுகிறார்கள், பலருக்கு உதவுகிறது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை இரண்டு மடங்கு நீட்டிவிடச் சொல்லுவார். கைவேலையை நிறுத்தவேண்டாம் என்பார். செல்போனில் மார்பகப் புற்று என்று தேடிப் பார்க்கிற மகன்களிடம், அதைக் கொஞ்சம் மூடிவையுங்கள் தம்பி என்பார். சமீபத்தில் மிகவும் தொல்லையானது இந்த செல்போன்தான். முன்பு ஊரில் ஒரு மதினி பயமுறுத்தினார், இப்போது ஊரிலில்லாத ஆயிரம் மதினிகள்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஊரையும் ஆளையும் சொல்லமாட்டோம். திருச்சுழிக்குக் கிழக்கே, கண்மாய்க்கரையில் ஒரு சிறு ஊர். கரிசல், நாலு மழை பெய்தால் மிளகாயும் மல்லியும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவது. அந்த அம்மாளுக்கு 38 வயது. கணவர் கேரளாவில் கூலிவேலை. ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு, 17 வயது. கட்டி கல்லுப்போல் இருந்தது, மேல்தோல் இழுத்துக் குழிந்திருந்தது. டாக்டர் அம்மா முகத்தை மறைத்துக்கொண்டாலும் எங்களுக்கு விளங்கியது, அவர்களும் பயந்தார்கள் என்று.

ஐந்தாம் நாள் சிஸ்டர் போனபோது வீட்டில் வெற்றிலை பாக்குத் தட்டு இருந்தது. அந்த அம்மாள் தன் அண்ணனைக் கூப்பிட்டு, "நான் கண்ணை மூடுறதுக்குள்ள இவளை உன் மகனுக்குக் கட்டிவச்சிருங்கண்ணே" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் மகனுக்கு 27 வயது. அடுத்த புதனுக்கு நாள் குறித்தாயிற்று, சேலை எடுத்தாயிற்று. மகள் அடுப்படியில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, வாசிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இது சட்டத்துக்கு விரோதம் என்று சிஸ்டர் சொன்னார், சொல்லத்தான் வேண்டும். அதற்கு அந்த அம்மாள், "நான் போனப்புறம் சட்டமா வந்து இவளுக்குச் சோறு போடும்?" என்று கேட்டார்கள். சிஸ்டரிடம் பதில் இல்லை. நமக்கும் சட்டென்று பதில் வராது. கணவர் எட்ட இருக்கிறார், தாய் போய்விட்டால் பருவப்பெண் தனியே. அந்தத் தாய் செய்தது மடமை என்று நாங்கள் நினைக்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகவே எடுத்துக்கொண்டு, தன்னால் ஆனதைச் செய்துமுடிக்கப் பார்த்தார்கள். கவலை ஒரு மனிதருக்குள் செய்கிற காரியம் அதுதான். காத்திருக்க முடியாததால், கெட்டதையே முடிவாக்கி அதன்மேல் வீடு கட்டத் தொடங்கிவிடுகிறோம்.

சிஸ்டர் வாதம் செய்யவில்லை. "வியாழக்கிழமை முடிவு வருது. கல்யாணம் புதன்கிழமை. ஒரே ஒரு நாள் தள்ளிவைங்கம்மா. வியாழக்கிழமை சாயங்காலம் நானே உங்க கூட உங்க அண்ணன் வீட்டுக்கு வாரேன். அப்ப பேசுவோம்" என்றார். ஒரு நாள் என்றதால் ஒத்துக்கொண்டார்கள். தள்ளிவைக்கக் காரணம் சொல்லவேண்டுமே, அதற்கு, செவ்வாய் வரையில் இருந்த ஒரு துட்டிவீட்டைக் காரணமாகச் சொன்னார்களாம்.

வியாழன் அன்று முடிவு வந்தது. கொழுப்புத் திசு சிதைந்து இறுகிய கட்டி. புற்று இல்லை. சில மாதங்களுக்கு முன் கருவேலங்கட்டைச் சுமை சரிந்து மார்பில் அடித்திருக்கிறது. அதைச் சொல்லத் தோன்றவில்லை அவர்களுக்கு. அப்படி அடிபட்ட இடம் பின்னால் கல்லாகி, பார்க்கிறவர்கள் கண்ணுக்கும் கைக்கும் புற்றைப்போலவே இருக்கும், நுண்ணோக்கிதான் வித்தியாசம் சொல்லும் என்று டாக்டர் அம்மா விளக்கினார்கள். அந்த அம்மாள் அழவில்லை, சிரிக்கவில்லை. "அப்ப நான் எங்க அண்ணனுக்கு என்ன சொல்லட்டும்?" என்றார்கள். சிஸ்டர் சொன்னபடி கூடப் போனார். அங்கே நல்ல வரவேற்பு இல்லை. சேலைக் காசு, வாக்குக் கொடுத்த மரியாதை, எல்லாம் பேச்சாகி, ஒரு வருஷம் இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. இப்போது பேசிக்கொள்ளுகிறார்கள் என்று கேள்வி. பெண் பரீட்சை எழுதினாள்.

முடிவு கெட்டதாக வந்தால் யாரிடம் முதலில் சொல்லுவது என்பது எங்கள் மருத்துவமனையில் பழைய வழக்கு. கணவரோ மகனோ டாக்டரைத் தனியே கூப்பிட்டு, "அவளுக்குத் தெரியவேண்டாம், தாங்கமாட்டா" என்பார்கள். அன்பினால்தான் சொல்லுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களோடு போராடுவது கொடுமை. இதற்கு டாக்டர் அம்மா ஒரு வழி கண்டார்கள். முடிவு வந்தபின் கேட்காமல், சதை எடுக்கிற அன்றைக்கே, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதபோதே, அந்தப் பெண்ணிடமே கேட்டுவிடுவது: முடிவு வந்தால் யாரிடம் சொல்லட்டும், கூட யார் இருக்கட்டும்? அவர்கள் சொல்லுவதைச் சீட்டில் எழுதிவிடுகிறார்கள். சாயத்தைப் பற்றிப் பேசினார்களே, அந்த நெசவாளர் வீட்டு அம்மாள், தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள், 51 வயது, "என்கிட்டயே சொல்லுங்க. அவுகளையும் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க, அவுக தனியா கேட்டா ஒடஞ்சிருவாக" என்றார்கள். ஒன்பதாம் நாள் கணவர் வழக்கம்போல் டாக்டரைத் தனியே கூப்பிட்டபோது, சீட்டைக் காட்டினோம். படித்துவிட்டுப் பேசாமல் உள்ளே வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்களுக்குப் புற்று. மதுரையில் அறுவை, பிறகு மருந்து, கதிர் எல்லாம் முடிந்தது; முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும் பகுதியைத் தாங்கியது. ஐந்து வருஷம் ஆகிறது. நடமாட்டமாக இருக்கிறார்கள். மேற்கொண்டு எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. மறுபரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும்போதெல்லாம் மறுபடியும் அந்த நாட்கள் வருகின்றன, ஆனால் இப்போது சின்னதாக வருகின்றன என்கிறார்கள்.

நமக்கு முன் நடந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வறண்ட சீமைக்கு மண்டபசாலை வழியாக அமெரிக்க மதுரை மிஷன் வந்தது 19ஆம் நூற்றாண்டில். மருத்துவம் தேடிய நம் பாட்டிமார் மாட்டுவண்டி கட்டி மதுரைக்குப் போனார்கள். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயில் வாடியதைக் கண்ட பாரத்தால், எத்தனையோ பேர் வேண்டாம், வீண் என்று சொல்லியும் விடாமல் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். பன்னிரண்டு படுக்கைகள். அந்த நாளில் மார்பில் கட்டி என்று வந்தவர்களுக்குக் காத்திருக்க ஒரு முடிவு என்பதே பெரும்பாலும் இல்லை. இன்று காத்திருக்கிறார்கள் என்றால், காத்திருக்க ஏதோ இருக்கிறது. காத்திருக்கும் ஒருவரிடம் போய் இதைச் சொல்லாதீர்கள், அது ஆறுதல் ஆகாது. தாங்குவோராகிய உங்களிடம் சொல்லுகிறோம்.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, நல்ல காரியம். ஆனால் மதுரைக்குப் போகிற பஸ்ஸுக்கு உண்டு, கூட வருகிற ஆணுக்கு உண்டு, இருவருக்கும் அன்றைய கூலி போகும். முடிவு வாங்க வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு நேரச் சாப்பாடும் கொடுக்க ஒரு சிறு நிதி இருக்கிறது. அது மார்கழியோடு தீரும். சிஸ்டரின் ஸ்கூட்டருக்கு டயர் மாற்றவேண்டும். கருவேல முள்ளுக்கு டயர் நிற்பதில்லை. இன்னொரு சிஸ்டரும் இருந்தால் நரிக்குடிப் பக்கமும் போகலாம். எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், இதற்கு வைக்க இடமில்லை. அதைத் தெரிந்துதான் கேட்கிறோம்.

ஜெபிக்க விரும்புகிறவர்களுக்கு: வருகிற வியாழக்கிழமை நான்கு பேருக்கு முடிவு வருகிறது. ஒருவர் ஆசிரியை, ஒருவர் கரிமூட்டத் தொழிலாளி, ஒருவர் ஆறு மாதக் குழந்தைக்குத் தாய், ஒருவர் எழுபதைத் தாண்டிய அப்பத்தா. கூட வர ஆளில்லை என்றார்கள், சிஸ்டர் காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போய் அழைத்துவருகிறார்.